சர்க்யூட் போர்டு வெட்ட பிட் வாங்கும் முன்

முதலில் வாங்கிய பாக்கெட்டில் பத்து பிட் இருந்தன. பிட் என்றால் சிஎன்சி மெஷினில் மாட்டி, போர்டின் செம்பை வெட்டும் சின்ன டூல். முனை 0.1 மி.மீ., கோணம் 10 டிகிரி என்று மேலே எழுதியிருந்தது. ஊசி மாதிரி கூராக இருந்ததைப் பார்த்ததும், இதைவிட நல்லது கிடைக்காது என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு மெஷினை ஓட்ட ஆரம்பித்தேன். ஒன்பதரைக்குள் ஆறு பிட்டின் முனை உடைந்துவிட்டது. ஒரு போர்டுகூட முடியவில்லை.

வெட்ட நினைத்தது பெரிய போர்டும் இல்லை. எங்கள் வீட்டு மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் ஒரு சின்ன கன்ட்ரோலர். 28 கால் உள்ள ஏடிமெகா328 என்ற மைக்ரோகன்ட்ரோலர் ஐசி ஒன்று, மோட்டாரை நிறுத்தும் மின் சுவிட்சாக ஒரு ரிலே, ஏழெட்டு ரெசிஸ்டர், இரண்டு டெர்மினல், அவ்வளவுதான். அதற்கு முன்பெல்லாம் லேசர் பிரிண்ட் எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் செம்பின் மேல் தேய்த்து ஒட்டவைத்து, ஃபெரிக் குளோரைடில் அரித்துத்தான் போர்டு செய்வேன். கொல்லையில் அந்தப் பழுப்புக் கறை இன்னும் இருக்கிறது. வீட்டில் குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு அந்தக் கரைசலை வீட்டுக்குள் வைத்திருக்க மனம் வரவில்லை. அதனால்தான் கணினி சொல்கிறபடி நகர்ந்து வெட்டும், 3018 வகை சின்ன சிஎன்சி மெஷினை வாங்கினேன். 300 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம் வரை வெட்டும் என்பதால் அந்தப் பெயர்.

எந்த பிட் வாங்குவது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். 10 டிகிரிதான் மெல்லிய கோடு போடும் என்பார் ஒருவர். 60 டிகிரி வாங்கு, உடையவே உடையாது என்பார் இன்னொருவர். அவரவர் மெஷினில் அது உண்மைதான் என்பது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் அந்தப் பணமும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், பிட் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். நாம் வாங்கும் சாதாரண காப்பர் கிளாட் போர்டு 1.6 மி.மீ. தடிமன். அதில் மேலே ஒட்டியிருக்கும் செம்பு வெறும் 35 மைக்ரான், அதாவது 0.035 மி.மீ. நமக்கு வேண்டியது அந்தச் செம்பில் டிராக்கை, அதாவது மின்சாரம் போகும் பாதையை, சுற்றி ஒரு கோடு கிழித்து, பக்கத்துச் செம்பிலிருந்து அதைப் பிரிப்பது மட்டும்தான். 0.05 மி.மீ. ஆழம் போனாலே செம்பு முழுக்க அறுந்துவிடும். அப்படியென்றால் பிட்டுக்கு வேலை மிகக் குறைவு. ஆனால் போர்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை அந்த 0.05-ஐ மெஷின் மாறாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கஷ்டம் எல்லாம் அங்கேதான்.

இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பிட் மட்டம், ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

எங்கள் வீதி முனையில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. கோயம்புத்தூரில் எந்தப் பக்கம் போனாலும் ஒன்று இருக்கும். அதை நடத்தும் அண்ணா பம்ப் ஷாஃப்ட் கடைந்தே முப்பது வருஷம் ஓட்டியவர். உடைந்த பிட்டுகளை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போய், இதைவிட உறுதியான டூல் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"டூல் நல்லாத்தானுங்க தம்பி இருக்குது. உங்க ஸ்பிண்டில் எவ்வளவு ஆடுதுன்னு பாத்தீங்களா?"

ஸ்பிண்டில் என்பது பிட்டைப் பிடித்துச் சுற்றும் தண்டு. அதை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்பதே தெரியாது. அன்று மாலை, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை எடுத்துக்கொண்டு அவரே வீட்டுக்கு வந்தார். மெஷின் முழுக்க அலுமினியம் என்பதால் கேஜின் காந்த அடி அதில் ஒட்டவில்லை. ஒரு கனமான இரும்புத் தகட்டை மேசைமேல் வைத்து, அதில் காந்தத்தை நிறுத்தினார். பிட்டின் தண்டில், அதை இறுக்கிப் பிடிக்கும் கோலட்டுக்குக் கீழே, கேஜின் முனையைத் தொடவைத்து ஸ்பிண்டிலைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். முள் எட்டுக் கோடு அங்கும் இங்கும் போனது. ஒரு கோடு 0.01 மி.மீ. ஆக, ஆட்டம் மட்டும் 0.08 மி.மீ.

0.1 மி.மீ. முனையுள்ள ஒரு பிட்டை 0.08 மி.மீ. ஆட்டத்தில் சுற்றவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றிலும் முனை பக்கவாட்டில் இடிபடுகிறது. டங்ஸ்டன் கார்பைடு கடினமானது. ஆனால் துளியும் வளையாது, உடையத்தான் செய்யும். பிழைக்கும் பிட்டும் 0.1 அகலத்தில் வெட்டாது. கிட்டத்தட்ட 0.18 வரை அகலமாக வெட்டும். அத்தனை மெல்லிய முனைக்குக் கொடுத்த காசால் ஒரு பயனும் இல்லை.

அண்ணா கோலட் நட்டைக் கழற்றினார். உள்ளே பழைய தூள் அப்பியிருந்தது. இந்த வகை மெஷின்களில் மோட்டாரின் மெல்லிய தண்டில் ஒரு நீட்டிப்பைச் செருகி, பக்கத்திலிருந்து சின்ன ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருப்பார்கள். அந்த ஸ்க்ரூவே நீட்டிப்பை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. இரண்டு ஸ்க்ரூவையும் தளர்த்தி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். கோலட்டையும் அதன் கூம்புப் பரப்பையும் துடைத்தார். கோலட்டை முதலில் நட்டுக்குள் டக்கென்று உட்காரவைத்து, அதற்குப் பிறகுதான் ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும் என்று காட்டினார். நான் அதுவரை கோலட்டை ஸ்பிண்டிலில் போட்டு மேலே நட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். இஆர்11 என்ற இந்த வகைக் கோலட்டில் அப்படிப் போட்டால் அது நேராக உட்காராது, பிறகு கழற்றும்போதும் சிக்கிக்கொள்ளும். கடைசியாகப் பிட்டைக் கோலட்டுக்குள் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பித் திருப்பி வைத்து, முள் எங்கே குறைவாக ஆடுகிறது என்று பார்த்தார். 0.08 இருந்தது 0.03 ஆனது. ஒரு ரூபாய் செலவில்லை.

டயல் கேஜ் இல்லாதவர்கள் பக்கத்து லேத் பட்டறையில் கேளுங்கள். கேட்டால் தருவார்கள். புது பிட் வாங்குவதற்கு முன் இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொள்வதுதான் என் முதல் சிபாரிசு. ஆட்டம் 0.05-க்கு மேல் இருந்தால் 0.1 முனை பிட்டைத் தொடவே தொடாதீர்கள்.

அடுத்தது கோணம். இதுவரை சொன்ன பிட் எல்லாம் வி-பிட், அதாவது கூம்பு வடிவம். ஆழம் கூடக்கூட கோடு அகலமாகும். கணக்கு எளிது. கோட்டின் அகலம் என்பது முனையின் அகலத்தோடு, ஆழத்தை இரண்டால் பெருக்கி, அதைக் கோணத்தில் பாதியின் டேன் மதிப்பால் பெருக்கிக் கூட்டினால் வருவது. 0.1 முனையை வைத்து 0.1 ஆழம் போனால், 10 டிகிரி பிட் 0.12 மி.மீ. அகலம் வெட்டும். 30 டிகிரி 0.15, 60 டிகிரி 0.22. இப்போது போர்டு ஒரு இடத்தில் 0.05 மேடாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆழம் 0.15 ஆகிவிடும். 10 டிகிரியில் கோடு 0.01 மட்டும் அகலமாகும். 30 டிகிரியில் 0.03. 60 டிகிரியிலோ 0.06 கூடி 0.27-க்குப் போய்விடும். டிராக்கின் இரண்டு பக்கமும் இப்படித் தின்றால், மெல்லிய டிராக் அந்த மேட்டில் இன்னும் மெலிந்துபோகும்.

இதைப் பார்த்தால் குறைந்த கோணமே நல்லது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 10 டிகிரி பிட்டில் முனைக்கு மேலே தாங்க உலோகமே இல்லை. ஆட்டமும் வேகமும் சரியாக இருக்கும் மெஷினில்தான் அது பிழைக்கும். வீட்டு மெஷினுக்கு 30 டிகிரி என்பது நல்ல நடுவழி. 20 டிகிரியும் பரவாயில்லை. 60-ஐ நான் அகலமான இடைவெளி உள்ள, பவர் சப்ளை மாதிரியான போர்டுகளுக்கு மட்டும் எடுப்பேன்.

முனை அகலத்தில்தான் நான் பெரிய தப்பு செய்தேன். தொட்டி கன்ட்ரோலரில் எல்லாமே 2.54 மி.மீ. இடைவெளியில் கால் உள்ள பழைய வகைப் பாகங்கள். காலை ஈயம் வைத்து ஒட்டும் செம்புப் புள்ளியான பேட் 1.6 மி.மீ. என்றால் இரண்டு பேடுகளுக்கு நடுவே 0.94 மி.மீ. காலியாக இருக்கிறது. அங்கே 0.1 முனைக்கு என்ன வேலை? 0.2 தாராளமாகப் போதும், 0.3 முனையும் போதும். அகலமான முனை அதிக நாள் வரும், வெட்டின கோடும் அகலமாக இருப்பதால் ஈயம் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆவதும் குறையும். பிட் வாங்கும் முன் உங்கள் டிசைனில் எது மிகக் குறுகிய இடைவெளி என்று தேடி, அதை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் முக்கால் பங்கு அகலம் வெட்டும் பிட்டை எடுங்கள்.

அதற்காக, சொன்ன அளவில்தான் பிட் இருக்கும் என்று நம்பவும் முடியாது. இரண்டாவது முறை 30 டிகிரி, 0.1 முனை என்று போட்டிருந்த ஒரு பாக்கெட் வாங்கினேன். கோடு ஏனோ எதிர்பார்த்ததைவிட அகலமாகவே விழுந்தது. பழையபடி ஆட்டம் கூடிவிட்டதோ என்று கேஜ் வைத்துப் பார்த்தேன், அது 0.03-லேயே இருந்தது. பிறகு ஒரு வேண்டாத போர்டுத் துண்டில் 0.1 ஆழத்தில் ஒரு கோடும், அதன் பக்கத்தில் 0.5 ஆழத்தில் ஒரு கோடும் மெதுவாக வெட்டினேன். யூஎஸ்பி மைக்ராஸ்கோப்பில், பக்கத்தில் இரும்பு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அளந்தேன். முதல் கோடு 0.22, இரண்டாவது 0.68. ஆழத்தில் 0.4 கூடினதற்கு அகலம் 0.46 கூடியிருக்கிறது. 0.46-ஐ 0.4-ஆல் வகுத்து, அதில் பாதி எடுத்தால் 0.575. அது 30 டிகிரியின் டேன். அதாவது, ஒரு பக்கச் சரிவுதான் 30 டிகிரி, முழுக் கோணம் 60 டிகிரி. கடைக்காரர் பாதிக் கோணத்தைப் போட்டிருக்கிறார், நான் முழுக் கோணம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து எந்தப் புது பாக்கெட் வந்தாலும் இந்த இரண்டு கோடு சோதனையைச் செய்துவிடுகிறேன். பத்து நிமிஷ வேலை. கோணமும் உண்மையான முனை அகலமும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். ஸ்பிண்டில் ஆட்டமும் அந்த முனை அகலத்துக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது, ஆகவே அதைத் தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. இது உங்கள் மெஷினில், உங்கள் கோலட்டில், அந்த பிட் உண்மையில் வெட்டும் அகலம். டிசைனை மெஷின் ஓடும் பாதையாக மாற்றும் ஃபிளாட்கேம் மென்பொருளில் டூலின் முனை, கோணம், ஆழம் கேட்கும் இடத்தில் பாக்கெட்டில் போட்டிருப்பதைப் போடாமல் இந்த எண்களைப் போடுங்கள்.

இந்த எண்களைத் தப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். 0.8 மி.மீ. இடைவெளியில் கால் உள்ள, தட்டையான 32 கால் ஏடிமெகா போட்டு ஒரு போர்டு செய்தேன். டிசைன் வரையும் கீகேட் மென்பொருளில் எனக்கு வந்த பேட் 0.55 மி.மீ. அகலம். நடுவே மிஞ்சுவது 0.25. நான் டூல் அகலம் 0.27 என்று கொடுத்திருந்தேன். 0.27 டூல் 0.25 சந்துக்குள் நுழையாது என்பதால் ஃபிளாட்கேம் அந்த இடங்களில் கோடே போடவில்லை. திரையில் நான் கவனிக்கவில்லை. வெட்டி முடித்த போர்டு பார்க்க அழகாக இருந்தது. மல்டிமீட்டரை வைத்தால் எட்டுக் காலும் ஒன்றாகப் பீப் அடித்தது. ஈயம் வைப்பதற்கு முன்பே சோதித்ததால் ஐசி தப்பியது.

இதற்கு இன்னும் மெல்லிய பிட் தேடி அலைய வேண்டாம். கீகேடில் அந்த பேடுகளின் அகலத்தை 0.45 ஆகக் குறைத்தேன். சந்து 0.35 ஆனது. 0.2 முனை, 30 டிகிரி பிட்டை 0.08 ஆழத்தில் ஓட்டினால் வெட்டும் அகலம் 0.24. நிம்மதியாக நுழைகிறது. ஈயம் வைப்பதிலும் ஒரு சிரமமும் இல்லை. டிசைனைக் கொஞ்சம் தளர்த்தினால் பிட்டின் ஆயுள் பல மடங்கு கூடும்.

0.08 ஆழம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அதைப் பிடிக்க இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, போர்டை ஓரங்களில் மட்டும் கிளாம்ப் போட்டு இறுக்கக்கூடாது, நடுவில் உப்பிக்கொள்ளும். கீழே எம்டிஎஃப் பலகை போட்டு, அதன் மேற்பரப்பையே மெஷினால் ஒரு தடவை சீவிவிட்டு, இரட்டைப் பக்க டேப் ஒட்டிப் போர்டைப் படிய அமுக்குங்கள். இன்னொன்று உயர வரைபடம், அதாவது போர்டின் மேடு பள்ளத்தை அளந்து, அதற்கேற்ப மெஷினை ஏற்றி இறக்கி ஓட்டுவது. பிட்டில் ஒரு கிளிப், செம்பில் ஒரு கிளிப் மாட்டி, பிட் செம்பைத் தொடும் இடத்தை அளந்துகொண்டே போக வேண்டும். பத்து மி.மீ.க்கு ஒரு புள்ளி போதும். என் போர்டில் மூலைக்கு மூலை 0.15 வித்தியாசம் காட்டியது. இது இல்லாமல் 0.08 ஆழத்தில் வெட்டினால் ஒரு மூலையில் காற்றில்தான் ஓடியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்த முதல் ராத்திரி உடைந்த ஆறில் இரண்டு, வெட்டும்போது உடையவில்லை, தொட்டு அளக்கும்போதுதான் உடைந்தன. பிட் செம்பில் வேகமாக இறங்கி இடித்திருக்கிறது. அளக்கும் வேகத்தை நிமிடத்துக்கு 25 மி.மீ. அளவுக்குக் குறைத்த பிறகு அப்படி ஒன்றும் உடைந்ததில்லை.

பிட்டின் வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவாகக் கிடைப்பது தண்டைப் பாதியாகச் சீவினது மாதிரி, குறுக்கே பார்த்தால் அரைவட்டமாக இருக்கும் ஒற்றை வெட்டு பிட். கூராக இருக்கும்வரை செம்பை நன்றாகவே அறுக்கும். மூன்று பக்கப் பட்டை வைத்த, பிரமிடு மாதிரி ஒன்று உண்டு. அது உறுதி, ஆனால் செம்பை அறுக்காமல் தேய்க்கிறது, ஓரமெல்லாம் பிசிறு. எனக்குப் பிடிக்கவில்லை. திருகு மாதிரி இரண்டு வெட்டு வைத்த வி-பிட் விலை கூடுதல், ஆனால் அது விடும் ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும். முதல் இரண்டு மாதம் மலிவானதிலேயே பழகுங்கள். உடைப்பது நின்ற பிறகு இதற்கு மாறலாம்.

கூம்பாக இல்லாமல் ஒரே தடிமனாக இருக்கும் 0.3, 0.4 மி.மீ. நேர் எண்ட் மில்லும் கிடைக்கிறது. ஆழம் மாறினாலும் கோட்டின் அகலம் மாறாது என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் அதற்கு நல்ல சுழற்சி வேகம் வேண்டும். 3018-ல் வரும் 775 மோட்டார் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று அளவில்தான் ஓடும். இந்த வேலைக்கென்றே செய்யப்படும் எல்பிகேஎஃப் நிறுவன மெஷின்களில் 60,000 சுற்று, ஒரு லட்சம் சுற்று ஸ்பிண்டில்கள் இருக்கின்றன. அந்த மெஷினுக்குச் சொன்ன நகரும் வேகத்தை நம் மெஷினில் கொடுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிட் பல மடங்கு அதிகச் செம்பைக் கடிக்க வேண்டியிருக்கும். ஒற்றை வெட்டு பிட், பத்தாயிரம் சுற்று, ஒரு சுற்றுக்கு 0.015 மி.மீ. கடி என்று வைத்தால் நிமிடத்துக்கு 150 மி.மீ. வருகிறது. நான் 120-லிருந்து 150-க்குள் ஓட்டுகிறேன். போர்டு முடிய அரை மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

இப்போது மிக முக்கியமானது. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது ரிலே போட்டு 230 வோல்ட்டைத் தொடும் போர்டு செய்வீர்கள்.

கோடு கிழித்து டிராக்கைப் பிரிக்கும் முறையில், வேண்டாத செம்பு போர்டிலேயே தீவு தீவாக மிஞ்சி நிற்கிறது. ஐந்து வோல்ட் சர்க்யூட்டில் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் ரிலேயின் 230 வோல்ட் டிராக்குக்கும் பக்கத்துச் செம்புத் தீவுக்கும் நடுவே 0.2 மி.மீ. கோடுதான் இருக்கிறது, அந்தத் தீவுக்கும் ஏடிமெகாவின் டிராக்குக்கும் நடுவே இன்னொரு 0.2. ஒரு சின்னச் செம்புப் பிசிறு, கொஞ்சம் ஈரம், கொஞ்சம் தூசி சேர்ந்தால் போதும், மின்சாரம் தாண்டிவிடும். தொட்டி கன்ட்ரோலர் ஈரமான இடத்தில்தானே மாட்டுவோம். என் முதல் போர்டு அப்படித்தான் இருந்தது. மாட்டுவதற்கு முந்தின நாள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது இந்தத் தீவுகள் கண்ணில் பட்டன. அப்படியே தூக்கி வைத்துவிட்டு மறுபடி வெட்டினேன்.

230 வோல்ட் பகுதியில் மிஞ்சும் செம்பை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அதற்கு வி-பிட் உதவாது, 0.8 அல்லது 1 மி.மீ. எண்ட் மில் வேண்டும். மெயின்ஸ் பக்கத்துக்கும் ஐந்து வோல்ட் பக்கத்துக்கும் நடுவே நான் 6 மி.மீ.க்குக் குறையாமல் வெறும் இடம் விடுகிறேன், ரிலேயின் கால்களுக்கு நடுவே போர்டையே துளைத்து ஒரு நீளச் சந்தும் போடுகிறேன். போர்டின்மேல் படியும் அழுக்கு வழியாக மின்சாரம் ஊர்ந்து போகும் பாதையை அந்தச் சந்து அறுத்துவிடுகிறது. முதல் ஆர்டரிலேயே ஒரு 1 மி.மீ. எண்ட் மில்லைச் சேர்த்துவிடுங்கள். அது ஆடம்பரம் இல்லை.

துளை போடும் பிட்டுகளுக்கு வருகிறேன். கார்பைடு டிரில்தான் வேண்டும். சாதாரண எச்எஸ்எஸ், அதாவது ஹை ஸ்பீடு ஸ்டீல் டிரில், போர்டில் உள்ள கண்ணாடி நாரில் சீக்கிரமே மழுங்கிவிடும். ஆனால் கார்பைடு டிரில்லைக் கை டிரில் மெஷினில் மாட்டாதீர்கள். கை கொஞ்சம் சாய்ந்தால் போதும், போய்விடும். 0.8 ரெசிஸ்டர், ஐசிக்கு. 1.0 வயர் செருகும் பின் ஹெடருக்கு, அதன் ஒவ்வொரு ஊசியும் 0.64 மி.மீ. சதுரம், மூலைக்கு மூலை 0.9 வரும். டெர்மினலுக்கும் ரிலேவுக்கும் 1.3. இந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டால் டூல் மாற்றும் தொல்லை குறையும். எம்3 ஸ்க்ரூவுக்கான 3.2 மி.மீ. துளையை அந்த 1 மி.மீ. எண்ட் மில்லையே வட்டமாக ஓட்டி எடுத்துவிடுகிறேன். கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் போட்ட, 3.175 மி.மீ. தண்டு உள்ள டிரில்களை வாங்குங்கள். எல்லா பிட்டும் ஒரே தண்டு அளவாக இருந்தால் கோலட் மாற்ற வேண்டியதில்லை.

போர்டின் வெளி ஓரத்தை வெட்ட, மக்காச்சோளக் கதிர் மாதிரி உடம்பெல்லாம் பல் வைத்த பிட் இருக்கிறது. கண்ணாடி நாரை வெட்டுவதற்கென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். 0.8-ல் இரண்டை உடைத்த பிறகு 2 மி.மீ.க்கு மாறினேன், அதற்குப் பிறகு உடையவில்லை. ஒரே மூச்சில் 1.6 இறங்காமல், ஒரு தடவைக்கு 0.4 ஆழமாக நான்கு தடவை ஓட்டினால் போதும்.

கடைகளில் இரண்டு வகைப் போர்டு கிடைக்கும். பழுப்பு நிறத்தில் இருப்பது பேப்பர் ஃபினாலிக், இளம்பச்சையாகக் கண்ணாடி மாதிரித் தெரிவது கிளாஸ் எபாக்ஸி, அதாவது எஃப்ஆர்4. ஃபினாலிக் மென்மையானது. கிளாஸ் எபாக்ஸியில் என் 0.2 முனை ஐந்து சின்னப் போர்டுக்குள் மழுங்குகிறது, ஃபினாலிக்கில் அதைப்போல் மூன்று பங்காவது வருகிறது. பழகுவதற்கும் சோதனைக்கும் ஃபினாலிக்தான் சரி. ஆனால் சூட்டுக்கோல் கொஞ்சம் அதிக நேரம் நின்றால் பேட் பெயர்ந்து வந்துவிடும், ஈரத்தையும் இழுக்கும். 230 வோல்ட் வரும் போர்டுக்கு நான் கிளாஸ் எபாக்ஸியைத் தவிர வேறு எதையும் எடுப்பதில்லை.

ஆனால் அந்தக் கிளாஸ் எபாக்ஸி உண்மையிலேயே கண்ணாடி நாரால் நெய்த துணி. அதை வெட்டும்போது பறக்கும் தூள், கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள். தோலில் பட்டால் அரிக்கும். மூச்சில் போனால் நுரையீரலில் தங்கலாம். ஃபெரிக் குளோரைடை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு அதைவிட மோசமான ஒன்றைக் குழந்தை தவழும் தரையில் பரப்பிவிடக் கூடாது. மெஷினை அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து மாடி அறைக்கு மாற்றினேன். நுண்ணிய ஃபில்டர் உள்ள வேக்குவம் கிளீனரின் குழாய் பிட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பெட்டியைத் திறக்கும்போது என்95 மாஸ்க். வாயால் ஊதவே கூடாது, துடைப்பத்தாலும் பெருக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடுகிறேன். இதில் எதையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

தையல் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுச் செம்பின்மேல் மெல்லியதாகத் தடவினால், தூள் பறக்காமல் அதிலேயே படியும், ஓரத்தில் பிசிறும் குறையும். உயரத்தை அளந்து முடித்த பிறகு தடவுங்கள், அதற்கு முன்பு வேண்டாம். வெட்டி முடித்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தால் ஈயம் நன்றாக ஒட்டும்.

பிட் மழுங்கிவிட்டது என்பதைக் காதும் விரலும் முதலில் சொல்லும். புது பிட் செம்பை வெட்டும்போது மெல்லிய சீறல்தான் கேட்கும். மழுங்கினது கீச்சிடும். வெட்டின கோட்டின்மேல் விரலை ஓட்டினால் சொரசொரவென்று இருக்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்து அந்தப் பிசிறை எடுத்துவிடலாம்தான். ஆனால் நாரைத் தேட வேண்டிய நிலை வந்தாலே நான் பிட்டை மாற்றிவிடுகிறேன். மழுங்கினதைத் தூக்கிப் போடுவதில்லை. தனி டப்பாவில் வைத்து, அகல இடைவெளி உள்ள ஃபினாலிக் போர்டுகளுக்குப் பயன்படுத்துகிறேன். அதற்கும் முன்னால் இரண்டு கோடு சோதனை உண்டு, ஏனென்றால் 0.2-ஆக இருந்த முனை இப்போது 0.3 ஆகியிருக்கும்.

தொட்டி கன்ட்ரோலர் மாடிப்படிக்குக் கீழே இரண்டாவது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வாரம் லேத் அண்ணாவின் பட்டறைக் கூலன்ட் பம்புக்கு ஒரு டைமர் போர்டு வெட்டப் போகிறேன். அதில் குறுகின இடைவெளி 0.5 மி.மீ. 0.2 முனை, 30 டிகிரி, 0.08 ஆழம். ரிலே பக்கம் முழுக்க 1 மி.மீ. எண்ட் மில்லால் சுரண்ட வேண்டும். கோலட்டை நேற்றே கழற்றித் துடைத்துவிட்டேன். டயல் கேஜ் இன்னும் அவர் பட்டறையில்தான் இருக்கிறது, நாளைக் காலையில் போய் வாங்கி வர வேண்டும்.